பெயரற்ற படங்களும் நமது நூல்நிலையங்களும்

1948-ம் வருஷத்தில் சென்னை மாகாணப் பொது நூல்நிலையச் சட்டம் நிறைவேறியபோது கல்வி மந்திரியாயிருந்தவர் நமது கொங்குநாட்டவரான ஸ்ரீ அவினாசிலிங்கம் செட்டியார் என்பதை நம்மவரிற் பலர் மறந்தேவிட்டனர். சொத்து வரியோடு நூல்நிலைய வரியும் சேர்த்துச் செலுத்தி வருகிற ஜனங்களுக்கு, அந்நிலையங்களில் நாவல்களையும் பரீட்சைப் புஸ்தகங்களையும் போலவே தம் ஊர்ச் சரித்திரத்தையும் காணும் பாத்தியதை உண்டன்றோ?

1942 ஆகஸ்டில் சூலூர் விமானத்தளம் தீக்கிரையானது தேசமறிந்த செய்தி. அவ்வருஷத்தில் இருபது வயது வாலிபராயிருந்தவர் இன்றிருப்பின் நூறு வயதைக் கடந்திருப்பார். சூலூர், சோமனூர், கருமத்தம்பட்டி வட்டாரத்துப் பழைய வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கும் புகைப்படங்களில் நிற்போர் இன்னாரென்று கூறவல்லவர் அவர்களுடைய மக்களே, அவர்களும் முதியோராகிவிட்டனர். இன்னும் பத்து வருஷம் வாளாவிருப்போமாயின் படம் இருக்கும், பெயர் இராது.

இதற்கு வழியில்லாமலில்லை. அமெரிக்க தேசத்துக் காங்கிரஸ் நூல்நிலையத்தார் 2008 ஜனவரியில் பிளிக்கர் என்னும் படத்தளத்தில் சுமார் 3,000 பழைய படங்களை வைத்து, விவரமறிந்தோர் எழுதலாமென்றனர். முன்பின் அறியாத மனிதர்கள் இடத்தையும் தேதியையும் ஆளையும் எடுத்துக்காட்டினர். அவற்றைச் சோதித்து, அவ்வருஷத்திற்குள்ளாகவே 500-க்கு மேற்பட்ட படங்களின் விவரங்களைத் தங்கள் அட்டவணையில் திருத்திக்கொண்டனர். அத்துணைப் பெரிய நிலையமே பாமர ஜனங்களிடம் கேட்டறிய வெட்கப்படவில்லை. நம்மவர்க்கு என்ன தயக்கம்?

கருமத்தம்பட்டி போன்றதோர் ஊரில் நூல்நிலையமும் அதன் வாசகர் வட்டமும் கூடி இதைச் செய்யலாம். வேண்டுவது ஒரு ஸ்கேனரும் பொறுமையும். படத்தை அங்குலத்திற்கு 600 புள்ளி வீதம் பதிந்து, மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்து, வெளியிட எழுத்து மூலம் சம்மதம் பெறவேண்டும். கைத்தறி போய் விசைத்தறி வந்த காலத்துப் படம் ஒன்றைப் பேஸ்புக்கிலும் வாட்ஸப்பிலும் இட்டு, "இவர் யார்?" என்று கேட்டால், சோமனூர்ச் சந்தைக்குப் போகிறவரும் துபாயில் வேலை பார்க்கிறவரும் பதிலெழுதுவர். வருகிற பதிலை உடனே நம்பாமல் இன்னொருவரிடமும் விசாரித்தறிதல் நலம்.

ஆனால் ஒன்று. பேஸ்புக் முதலியன அந்நியக் கம்பெனிகளின் சொத்து. அவர்கள் கதவடைத்தால் நமது படங்களும் போம். ஆகவே அவ்விடங்களைக் கூப்பிடு மேடையாக மட்டும் கொண்டு, மூலப் பிரதியை நூல்நிலையத்திலும், உரிமை இடங்கொடுக்குமாயின் விக்கிமீடியா காமன்ஸிலும் வைப்பதே விவேகம். ஒரே கூரையின்கீழ் யாவும் இருந்தால் நேர்வதென்ன என்பதை 1981-ல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூல்நிலையம் நமக்குக் காட்டியது. 2005 முதல் ஈழத்து நூல்களைப் படியெடுத்து இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தாரின் உழைப்பு நமக்கு வழிகாட்டி.

இன்னொரு அபாயமும் புதிதாக வந்திருக்கிறது. மங்கிய படத்திற்குச் செயற்கை அறிவுக் கருவியால் வர்ணமூட்டி முகத்தைத் துலக்குகிறார்கள். அக்கருவி இல்லாத கண்ணையும் மூக்கையும் தானே கற்பித்துவிடுகிறது! தியாகியின் முகத்தை யந்திரம் ஊகித்து வரைவதை நாம் ஒப்போம். அழைப்பிதழுக்கும் விளம்பரத் தாளுக்கும் அக்கருவிகள் பயன்படட்டும். சரித்திரப் படத்தில் கைவைத்திருந்தால் அதை அடியிற் குறிப்பிட்டே தீரவேண்டும்.

மாவட்ட நூலக ஆணைக்குழுவினர் கிளை நிலையம் தோறும் ஒரு ஸ்கேனர் வழங்கும்படி கேட்கிறோம். அது வருமளவும் தேசபக்தர்கள் காத்திராமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே தத்தம் ஊர்ப் பெரியோரிடம் சென்று, படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்லப் பெயரெழுதி வாங்கட்டும்.