இணையத்தள எண்கள் ஏன் ஒத்துப்போவதில்லை?

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளிடம் விபரம் திரட்டும் இணையப் படிவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சேர்வர் பதிவேட்டில் 1,000 வருகைகள். கூகுள் அனலிட்டிக்ஸில் 400 பயனர்கள். படிவத்தை அனுப்பியவர்களோ 20 பேர். விளக்கத்துக்காக நான் போட்ட எண்கள்தான் இவை. ஆனால் இத்தகைய இடைவெளியைக் காட்டி, "சனத்துக்கு இப்ப அக்கறை இல்லை" என்று கூட்டங்களில் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த எண்கள் அப்படிச் சொல்லவில்லை.

ஒவ்வொரு கருவியும் எண்ணுவது வெவ்வேறு விடயங்களை. சேர்வர் தன்னிடம் வரும் கோரிக்கைகளை எண்ணுகிறது. தேடுபொறிகளின் தானியங்கி நிரல்களும் அதில் சேரும். அனலிட்டிக்ஸ் பெரும்பாலும் பிரவுசரில் வைக்கும் குக்கியை எண்ணுகிறது. விளம்பரத் தடுப்பான் உள்ள கைபேசி அதன் கணக்கில் வராமலே போகலாம். பேஸ்புக் செயலிக்குள் படித்தவர் பிறகு குரோமில் வந்தால் இரண்டு பேர். ஐபோனின் சபாரி இவ்வகைக் குக்கியை 7 நாட்களில் அழித்துவிடும். அதன்பின் வரும் அதே ஆள் புதியவர். மறுபுறம், ஒரே கைபேசியில் தாயும் மகளும் அயல்வீட்டு அக்காவும் வாசித்தாலும் கணக்கில் ஒருவர்தான்.

பக்கத்தைப் பார்த்தல், படிவத்தைத் திறத்தல், நிரப்புதல், அனுப்புதல் என ஆட்கள் படிப்படியாகக் குறைவதைக் காட்டும் அறிக்கையைப் புனல் என்பார்கள். முதற்படியில் நுழைந்தவர்களை மட்டும் எண்ணும்படி அது அமைக்கப்பட்டிருந்தால், வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பால் நேரே படிவத்துக்கு வந்தவர் அதில் இல்லை. அனலிட்டிக்ஸில் 30 நிமிடம் அசைவில்லாவிட்டால் அமர்வு முடிந்துவிடும். பழைய முறைப்பாட்டுத் துண்டைப் பெட்டிக்குள் தேடி எடுத்துவர அதைவிட நேரம் பிடித்தால், அமர்வுகளை எண்ணும் அறிக்கையில் அந்தத் தாய் படிவத்தைக் கைவிட்டவர்.

இடமும் தவறலாம். 2022 ஏப்ரலில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது பலர் வீபீஎன் பாவித்தார்கள். கண்காணிப்புக்குப் பயந்து இன்றும் பாவிப்பவர்கள் உண்டு. கிளிநொச்சியில் இருப்பவர் சிங்கப்பூர் வாசகராகத் தெரிவார்.

ஆகவே, வந்துசேர்ந்த படிவங்களைத் தரவுத்தளத்தில் நேரடியாக எண்ணுங்கள். மாற்றத்தை அறிய ஒரே கருவி, ஒரே அலகு, சமமான காலப்பகுதிகளை ஒப்பிடுங்கள். எந்தப் படியில் அதிகம் பேர் நிற்கிறார்கள் என்பதைப் புனல் ஓரளவு காட்டும். பெயரும் முகவரியும் கேட்கும் இடத்தில் நின்றார்கள் என்றால், காரணம் அக்கறையின்மையா, பயமா, சிக்னல் இல்லாமையா என்பதை அவர்களிடமே கேட்கவேண்டும்.