அவரை நாவாய்ப்பூச்சியின் தாய்க்கொடை: குடல் நுண்ணுயிரியும் பயறுப் பாதுகாப்பும்

திறவுச்சொற்கள்: குடல் நுண்ணுயிரி, நாவாய்ப்பூச்சி, தாய்மைப் பேணல், பயறு, வம்பன்

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் அமைந்துள்ளது. இவ்வூரின் பெயர் தாங்கிய உளுந்து இரகங்கள் மாநிலமெங்கும் பயிராகின்றன. பயறுவகைப் பயிர்களைத் தாக்கும் சாறுறிஞ்சிகளுள் அவரை நாவாய்ப்பூச்சியும் காய் நாவாய்ப்பூச்சியும் குறிப்பிடத்தக்கவை. இவ்விரண்டின் நலமும் அவற்றின் குடலில் வாழும் நுண்ணுயிரிகளைச் சார்ந்தது. எனினும் அந்நுண்ணுயிரி ஒன்றிற்குத் தாயிடமிருந்தும் மற்றொன்றிற்கு மண்ணிலிருந்தும் கிடைக்கிறது. இவ்வேறுபாட்டையும் அது பயிர்ப் பாதுகாப்பிற்கு உணர்த்துவதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தாய் வைத்துச் செல்லும் பொதி

அவரைக் கொடியின் இளந்தண்டுகளில் கூட்டமாக மொய்த்துச் சாற்றை உறிஞ்சும் பூச்சி மெகாகோப்டா கிரிப்ரேரியா ஆகும். பழைய நூல்கள் இதனைக் காப்டோசோமா கிரிப்ரேரியா எனக் குறிக்கின்றன. தண்டுச்சாற்றில் இன்றியமையா அமினோ அமிலங்கள் மிகக் குறைவு. அக்குறையை நிறைவு செய்வது இசிகவயெல்லா கேப்சுலேட்டா என்னும் குடல் பாக்டீரியம். இதன் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 7.5 இலட்சம் கார இணைகளாகச் சுருங்கிவிட்டது. ஆயினும் அமினோ அமிலங்களை ஆக்கும் மரபணுக்கள் அதில் எஞ்சியுள்ளன.

பெண் பூச்சி முட்டையிடும்போதே முட்டைத் தொகுதியின் அடியில் பழுப்பு நிறச் சிறு பொதிகளையும் வைக்கிறது. ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு முட்டைகளுக்கு ஒரு பொதி அமைகிறது. பெண்ணின் நடுக்குடலின் பின்பகுதி இப்பொதிகளை ஆக்குவதற்கெனவே தனித்தன்மை பெற்றுள்ளது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பூச்சி முதலில் நாடுவது தழையை அன்று, இப்பொதியையே.

ஜப்பானிய ஆய்வாளர்களான ஃபுக்காட்சு, ஹொசொகாவா ஆகியோர் மெகாகோப்டா இனப் பூச்சிகளில் இதனை ஆராய்ந்தனர். பொதிகளை அகற்றியபோது இளம்பூச்சிகளின் வளர்ச்சி தாமதமுற்றது, இறப்பு மிகுந்தது. 2008இல் வெளிவந்த ஆய்வு நடத்தை மாற்றத்தையும் காட்டியது. பொதியைப் பெற்றவை ஓரிடத்தில் கூடி ஓய்ந்தன. பெறாதவை நெடுநேரம் அலைந்து தேடின. ஆகவே தாயின் செயலே சேயின் உடல்நலத்தையும் முதல் நடத்தையையும் வரையறுக்கிறது எனலாம்.

இதனினும் வியப்பிற்குரியது 2007ஆம் ஆண்டு ஆய்வு. சோயாவில் நன்கு பெருகும் மெகாகோப்டா பங்டாட்டிசிமா இனத்திற்கும், அப்பயிரில் முட்டைப் பொரிப்பு குன்றும் கிரிப்ரேரியா இனத்திற்கும் நுண்ணுயிரிகளை மாற்றிக் கொடுத்தபோது பொரிப்புத் திறனும் இடம் மாறியது. ஒரு பூச்சி ஒரு பயிருக்குத் தீங்குயிரி ஆவதில் அதன் நுண்ணுயிரிக்கும் பங்குண்டு என்பது இதனால் தெளிவாகிறது.

மண் தரும் துணை

காய் நாவாய்ப்பூச்சியான ரிப்டார்ட்டஸ் பெடஸ்ட்ரிஸ் இனத்தில் தாய் நுண்ணுயிரியை வழங்குவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் பர்க்கோல்டேரியா பாக்டீரியத்தை மண்ணிலிருந்து புதிதாகப் பெறுகிறது; பெரும்பாலும் இரண்டாம் இளம்பருவத்தில் இது நிகழ்கிறது. 2012இல் கிக்குச்சி குழுவினர் இதன் மறுபக்கத்தை வெளிப்படுத்தினர். ஃபெனிட்ரோதியான் பூச்சிக்கொல்லியைத் தொடர்ந்து இட்ட மண்ணில், அம்மருந்தைச் சிதைக்கும் பர்க்கோல்டேரியா பெருகுகிறது. அதனைக் குடலில் ஏற்ற பூச்சி அம்மருந்தைத் தாங்கி வாழ்கிறது. பூச்சியின் மரபணு மாறாமலேயே எதிர்ப்பாற்றல் ஒரே தலைமுறையில் கைகூடுகிறது.

முடிவுரை

மருந்து பயனற்றுப் போகும்போது உழவர் அளவைக் கூட்டுவதோ மருந்தை மாற்றுவதோ வழக்கம். அளவைக் கூட்டுதல் மருந்தைச் சிதைக்கும் நுண்ணுயிரிக்கே இடமளிக்கக்கூடும் என்பதை இவ்வாய்வுகள் எச்சரிக்கின்றன. அவரை நாவாய்ப்பூச்சியில் ஆய்வு தொடங்க வேண்டிய இடம் முட்டைத் தொகுதி. காய் நாவாய்ப்பூச்சியில் வயல் மண். புதுக்கோட்டையின் பயறு வயல்களில் பூச்சிகளை எண்ணுவதோடு, அவற்றின் முட்டைத் தொகுதிகளையும் மருந்திட்ட, மருந்திடாத மண்ணையும் ஒப்பிட்டு ஆராய்தல் பயன்தரும். பூச்சிக்குத் துணை எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தால், பயிர்ப் பாதுகாப்பு எங்குத் தொடங்க வேண்டும் என்பதும் புலப்படும்.