தோப்புக்குள் குட்டி வீடு: வாடகை வருமா, கடன்தான் மிஞ்சுமா?

‘‘பொள்ளாச்சி பக்கம் 4 ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. தேங்காய் விலையை நம்ப முடியவில்லை. தோப்பில் குட்டி வீடு ஒன்று வைத்து, சுற்றுலா வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்கிறான் மகன். 6 லட்சம் ரூபாய் கடன் வாங்கலாமா?’’ என்று கேட்டிருக்கிறார் வாசகர் ஒருவர்.

கடன் வாங்கும் முன் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

6 லட்சத்தை 11% வட்டியில் 5 ஆண்டுகளுக்கு வாங்கினால், மாதத் தவணை சுமார் 13,045 ரூபாய். ஒரு இரவுக்கு 2,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். முன்பதிவு தளத்தின் கமிஷன் 300, துணி துவைக்க, சுத்தம் செய்ய, மின்சாரத்துக்கு 400 போனால் கையில் நிற்பது 1,300. மாதப் பராமரிப்புக்கு 1,500 ஒதுக்க வேண்டும்.

சனி, ஞாயிறு மட்டும் ஆள் வந்தால் மாதம் 8 இரவுகள். மிச்சம் 8,900 ரூபாய்தான். தவணை கட்ட 4,145 ரூபாயைத் தேங்காய்ப் பணத்திலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். மாதம் 12 இரவுகளாவது ஆள் தங்கினால்தான் கடன் தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்திலும் தேர்வு மாதங்களிலும் அது நடக்குமா என்பதுதான் கேள்வி.

அனுமதி முக்கியம்

‘சக்கரத்தின் மேல் நிற்கும் வீடு, அனுமதியே வேண்டாம்’ என்று விற்பவர் சொன்னால் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஊராட்சி அலுவலகத்திலும், நகர் ஊரமைப்புத் துறையிலும் முதலில் கேளுங்கள். பம்புசெட்டுக்கான இலவச மின் இணைப்பிலிருந்து குடிலுக்கு ஒயர் இழுக்கக் கூடாது. தனி இணைப்பு வேண்டும். இந்த வாடகை விவசாய வருமானம் ஆகாது; வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும்.

மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. நீலகிரி மாவட்டம் சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்கு, உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018-ல் சீல் வைக்கப்பட்டது. வழித்தடத்தை அறிவித்த அரசாணை செல்லும் என்று 2020 அக்டோபரில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போட்ட பணம் முடங்கியது. உங்கள் தோட்டத்துக்கு யானை வந்து போகும் என்றால், வனத்துறையிடம் கேட்காமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள்.

தோப்பில் கவனிக்க வேண்டியவை

தென்னைக்கு நேர் கீழே வீட்டை வைக்காதீர்கள். தேங்காயோ மட்டையோ விழுந்தால் கூரையும் போகும், தலையும் போகும். இரும்புக் கன்டெய்னர் சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடும். ஓட்டுக் கூரையோ, தகரத்தின் மேல் கீற்றோ போட்டால் சூடு குறையும். செப்டிக் டேங்கைக் கிணற்றிலிருந்து தள்ளி, பள்ளமான பக்கத்தில் அமையுங்கள். மருந்து தெளிக்கும் நாட்களில் ஆள் ஏற்றக் கூடாது.

இன்னொன்று, வேலை யார் தலையில் விழும்? இரவு 11 மணிக்கு வருபவருக்குக் கதவு திறப்பதும், விடிந்ததும் இட்லி ஊற்றுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். அவர்களுடைய கூலியையும் கணக்கில் எழுதுங்கள். அவர்கள் சம்மதிக்காவிட்டால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

என்ன செய்யலாம்?

வீட்டில் காலியாக இருக்கும் ஓர் அறையை முறையாகப் பதிவு செய்து, ஓர் ஆண்டு வாடகைக்கு விட்டுப் பாருங்கள். வெள்ளையடித்து, நல்ல கழிவறை கட்டினால் போதும். எத்தனை இரவுகள் ஆள் வந்தார்கள், எதற்காக வந்தார்கள் என்று நோட்டில் குறித்து வையுங்கள். இளநீர், வீட்டுச் சாப்பாடு, தோப்பைச் சுற்றிக் காட்டுவது ஆகியவற்றில் கிடைக்கும் காசையும் தனியாக எழுதுங்கள்.

ஆண்டு முடிவில் மாதம் சராசரியாக 12 இரவுகள் வந்திருந்தால், மகன் சொல்வதைக் கேட்கலாம். வராவிட்டால், 6 லட்சம் கடன் இல்லாமல் தப்பித்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.