கட்டபெட்டு குளிருக்குப் போர்வை ரெடி... தைக்க மேசை ரெடியா?

ஊட்டி - கோத்தகிரி சாலையில் இருக்கும் கட்டபெட்டில், கனமான போர்வை இல்லாமல் ராத்திரி ஓடாது. வெட்டுத்துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து வீட்டிலேயே தைக்கும் குயில்ட் போர்வை இந்தக் குளிருக்குக் கச்சிதம். தைப்பவரின் கழுத்தும் தோளும்தான் பாவம்!

காரணம், மேசை. மிஷின் மேசைக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றால், போர்வையின் கனம் தொங்கித் துணியை இழுக்கும், தையல் கோணும். பழைய மிதி மிஷின்களைப் பாருங்கள், பலகைக்குள் பதிந்திருக்கும். அதையே ஆசாரியிடம் கேளுங்கள். மிஷின் அளவுக்குப் பள்ளம், தையல் தகடும் பலகையும் ஒரே மட்டம், இடப்பக்கமும் பின்பக்கமும் அகலப் பலகை. உட்கார்ந்து தைக்க 28 முதல் 30 அங்குல உயரம், நின்று துணி வெட்ட சுமார் 36. உங்கள் உயரத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம். ரெடிமேடில் இது நடக்குமா?

இதே மலையின் தோடர் பெண்கள், 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற தங்கள் எம்பிராய்டரியைச் சட்டம்கூட இல்லாமல், இழைகளை எண்ணியே போடுகிறார்கள். பஞ்சு வைத்த போர்வைக்கு அது சரிப்படாது.

மரம்? தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக், தேக்கைவிட விலை குறைவு. ஈரக்கட்டையை இழைத்தால் காயும்போது வளையும். உலர்ந்ததா என்று பார்த்து வாங்குங்கள். சொந்தத் தோட்டத்து மரம்தானே என்று கோடரியை எடுத்துவிட வேண்டாம். 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முதலில் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள்.

துணி அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். மூடுபனி ஈரத்தில் பூஞ்சணம் அங்கேதான் முதலில் பிடிக்கும்.