குடும்பத்துக்கு உற்ற மோட்டார் வண்டி

குடும்பத்துக்கென மோட்டார் வண்டி வாங்கப் புகுவோர் முதலில் விலையை விசாரிப்பர். பின்னர் நிறத்தையும் வேகத்தையும் நோக்குவர். நம்பகம் என்னும் குணம் பலருக்கு இறுதியிலேயே நினைவுக்கு வருகின்றது. ஆயினும், நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற பெண்ணை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்லும் வேளையில் வண்டியின் மினுக்கத்தை யார் பார்க்கப்போகின்றனர்? வண்டி கிளம்புமா என்பதே அவ்வேளையில் வீட்டார் கவலை.

இக்குணத்துக்கு யாழ்ப்பாணத்தார் கண்ட சான்று ஒஸ்ரின் ஏ-40 ஆகும். இங்கிலாந்தில் பேர்மிங்காம் நகரின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1947ஆம் ஆண்டு முதல் இவ்வரிசை வண்டிகள் செய்யப்பட்டன. உருண்ட உடலமைப்புடைய சோமர்செற் 1952இலும், அதன் பின்னதான கேம்பிரிட்ஜ் 1954இலும் வெளிவந்தன. நான்கு உருளைகள் கொண்ட 1,200 கன சென்ரிமீற்றர் இயந்திரம். ஏறத்தாழ 40 குதிரைவலு. வேகத்தைப் பற்றிப் பெருமை பேச இடமில்லை. எனினும், குடும்பத்தினர் நெருங்கி அமர்ந்து கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் சென்றுவர அது போதுமானதாயிருந்தது. வாடகை வண்டியாகவும் அது நெடுங்காலம் உழைத்தது.

அவ்வண்டிக்குப் பெருஞ்சோதனை 1990ஆம் ஆண்டில் நேர்ந்தது. போரின் காரணமாக வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அப்போது வீட்டு விளக்கை எரித்த மண்ணெண்ணெயே வண்டியையும் ஓட்டியது. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆகவே, காபுரேற்றரிற் சில துளி பெற்றோலை விட்டு வண்டியைக் கிளப்புவர். இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டுவர். அமுக்கம் குறைந்த இயந்திரமாதலால் தாழ்ந்த எரிபொருளையும் அது ஏற்றுக்கொண்டது. பற்றரி வலுவிழந்தாலோ, முன்புறத்தில் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றிக் கிளப்பலாம்.

இதனால் வண்டிக்குத் தீங்கு நேரவில்லை என்று கூறுவதற்கில்லை. கரி படிந்தது, புகை மிகுந்தது, எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்தது. ஆனால், பழுதைக் கண்டறியக் கண்ணும் செவியும் போதும். அதனைத் திருத்த ஊர்க் கராஜிலுள்ள சாவிகள் போதும். நோயாளரைச் சுமந்த அவ்வண்டிகளின் பெருமையிற் பாதி, உதிரிப்பாகமின்றியே அவற்றைத் திருத்தியோட்டிய தொழிலாளரைச் சாரும்.

பழைய வண்டியே சிறந்தது என்பது நமது கருத்தன்று. இக்காலச் சிறு வண்டிகள் அடிக்கடி பழுதடைவதில்லை. ஆசனப் பட்டி முதலிய பாதுகாப்புகளும் அவற்றில் உண்டு. ஆயினும், அவற்றின் மின்னணுக் கருவிகள் பழுதுற்றால் அதற்கென அமைந்த பரிசோதனைக் கருவியும் பயிற்சியும் வேண்டும். எனவே, வண்டி வாங்குவோர் விலையைக் கேட்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்பாராக: இதனைத் திருத்த வல்லவர் நம்மூரில் உளரா? இதன் உதிரிப்பாகங்கள் நமது வருவாய்க்கு எட்டுமா?

வாங்கியபின் செய்யவேண்டியது எளிது. வாரம் ஒருமுறை எண்ணெய், தண்ணீர், சக்கரங்களின் காற்று ஆகிய மூன்றையும் நோக்குதல் வேண்டும். இவ்வேலையை வீட்டிலுள்ள ஆண், பெண் இருபாலாரும் கற்றிருப்பாராயின், ஆபத்து வேளையில் வண்டி கைவிடுவது அரிது.