மின் சாதனச் சோதனை: இடத்தின் ஆபத்தே அளவுகோல்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டித் தொழிலகங்களும் அச்சகங்களும் அருகருகே இயங்குவதால், ஒயர் உறை கிழிந்த ஒரே வகைப் பழுது, அலுவலக அறையில் ஒருவருக்கு மின்னதிர்ச்சியாகவும், காகிதம் குவிந்த அச்சகத்தில் தீயாகவும், வெடிமருந்து உள்ள இடத்தில் பலரைப் பலிகொள்ளும் வெடிப்பாகவும் முடியக்கூடும். ஆகவே எல்லாச் சாதனங்களையும் ஆண்டுக்கொரு முறை ஒரே விதமாகச் சோதித்துச் சீட்டு ஒட்டிவிடுவது போதாது. சாதனத்தின் தன்மை, அது இருக்கும் இடம், கையாளப்படும் விதம் ஆகியவற்றைக் கொண்டே சோதனையின் இடைவெளி முடிவுசெய்யப்பட வேண்டும். பிரிட்டனின் 1989ஆம் ஆண்டுப் பணியிட மின்சார விதிகளும் ஆபத்து நேராதபடி பராமரிக்கக் கட்டளையிடுகின்றனவேயன்றி, ஆண்டுச் சோதனை என்று காலக்கெடு விதிக்கவில்லை.

முதற்படி பார்வைச் சோதனை. கருகிய பிளக், டேப் சுற்றி ஒட்டுப்போட்ட ஒயர், எர்த் முனை உடைக்கப்பட்ட மூன்று முனைப் பிளக் ஆகியவை கருவியின்றியே கண்ணுக்குப் புலப்படுபவை என்பதால், இயந்திரத்தை இயக்குபவரே வேலை தொடங்குமுன் இவற்றைக் கவனிக்கலாம். அடுத்தது, உரிமம் பெற்ற மின்பணியாளர் மின்காப்பையும் எர்த் தொடர்ச்சியையும் மீட்டர் கொண்டு அளப்பதும், கசியும் மின்சாரம் 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன்பே இணைப்பைத் துண்டிக்கும் கசிவுத் தடுப்பான் இயங்குகிறதா எனப் பார்ப்பதும் ஆகும். இடம்விட்டு இடம் இழுக்கப்படும் எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கும் டிரில்லிங் கருவிக்கும், மேசையில் அசையாதிருக்கும் கணினியைவிட அடிக்கடி சோதனை தேவை.

மக்கள் ‘பயர் ஆபீஸ்’ என்றழைக்கும் பட்டாசு ஆலையின் மருந்துக் கலவை அறைகள் பெரும்பாலும் மின் இணைப்பின்றிப் பகல் வெளிச்சத்திலேயே இயங்கினாலும், மின் ஆபத்து அங்கு இல்லாமற் போவதில்லை. செயற்கை இழை ஆடை உராய்வதால் உடலில் சேரும் நிலைமின்னூட்டம் சில ஆயிரம் வோல்ட் வரை உயர்ந்து, நுண்ணிய பொறியாக வெளிப்பட்டு, அலுமினியத் தூளும் கந்தகமும் கலந்த மருந்தைப் பற்றவைக்கக்கூடும். அதனாலேயே பருத்தி ஆடையும், நுழைவாயிலில் தொட்டுச் செல்லும் செப்புத் தகடும், மின்கடத்தும் ரப்பர் விரிப்பும் வேண்டப்படுகின்றன. தகட்டை மண்ணோடு இணைக்கும் கம்பியின் கவ்வி துருப்பிடித்துத் தளர்ந்துவிட்டால், தகடு இருந்தும் பயனில்லை. ஆகவே அந்த இணைப்பையும், 2008 வெடிபொருள் விதிகளின்கீழ் ஆண்டுதோறும் சோதிக்கப்பட வேண்டிய இடிதாங்கியையும் விடாமல் அளந்து பார்ப்பதே இங்கு முதன்மையான மின் சோதனை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியிலுள்ள பட்டாசு ஆலையில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த விபத்து மின்சாரத்தால் நேர்ந்தது என்று சொல்வதற்கில்லை எனினும், வெடிமருந்து உள்ள இடத்தில் ஒரு பொறியின் விலை என்ன என்பதை அது உணர்த்தியது.

உயிருக்கு உடனடி ஆபத்து உண்டெனத் தக்க காரணத்தோடு அஞ்சும் தொழிலாளர், அதை நிர்வாகத்திடம் நேரடியாகவோ பாதுகாப்புக் குழு வழியாகவோ தெரிவித்து, அதே வேளையில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமையைத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 1987ஆம் ஆண்டுத் திருத்தம் அளித்தது. 2020ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதை ஏற்றுள்ளது. உடனே சீர்செய்வது நிர்வாகத்தின் கடமையாகும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திலும், வெடிபொருள் தொடர்பானவற்றைச் சிவகாசியிலுள்ள பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் (பெசோ) அலுவலகத்திலும், மின் விபத்தை மின் ஆய்வாளரிடமும் முறையிடலாம்.

எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவர் வேலையை நிறுத்தினால் வருமானம் குறையும் என்பதால், பழுதைச் சொல்ல அவர் தயங்குவது இயல்பே. பழுது சரிசெய்யப்படும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று நிர்வாகம் உறுதியளித்து, தேதி, பழுது, சரிசெய்தவர் பெயர் ஆகியவற்றைத் தொழிலாளர் பார்க்கத்தக்க பதிவேட்டில் எழுதிவைத்தால்தான், சட்டம் தந்த உரிமை ஆலைக்குள் நடைமுறையாகும்.