ஈ.சி.ஜி. சரிதான், நெஞ்சு ஏன் அடைக்கிறது?

"நெஞ்ச அடைக்குது, செத்துருவேன் போல இருக்கு" என்று நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓடிவருபவர்கள் எல்லாருக்கும் மாரடைப்பு இல்லை. பலருக்கு ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கும். ஆனாலும் அந்த வேதனை பொய்யல்ல. மூளையின் அமிக்டலா பகுதி ஆபத்து என்று தவறாக எச்சரிக்க, அட்ரினலின் பாய்ந்து இதயம் ஓடுகிறது. மூச்சு வேகமாவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல்களும் உதடும் மரத்துப்போகின்றன. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, பிறகு மெல்ல அடங்கிவிடும். இதுதான் பீதித் தாக்குதல். முதல் தடவை வந்தால் இதயத்தைச் சோதித்தே ஆகவேண்டும். சர்க்கரையும் இதய நோயும் மலிந்த சமூகம் நம்முடையது.

கெடாவின் பீடோங், பாடாங் செராய் தோட்டங்களிலும், லயத்தை விட்டு வெளியேறி சுங்கைப்பட்டாணி, கூலிம் தாமான்களில் குடியேறிய குடும்பங்களிலும் மனநோய் பெரும்பாலும் உடம்பின் வழியாகவே பேசுகிறது. தலைவலி, வயிற்றெரிச்சல், கழுத்துப் பிடிப்பு என்று மாத்திரை வாங்கித் தின்றே வருடங்கள் போகும். வீட்டுக் கடன், பிள்ளை படிப்பு, தொழிற்சாலையின் இரவு ஷிஃப்ட் என்று எதைத் தொட்டாலும் கவலை, அதுவும் ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்களில் அடக்க முடியாமல் இருந்தால் அது பொதுப் பதற்றக் கோளாறு.

மனச்சோர்வு வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே கிடக்கும், அல்லது பிடித்ததெல்லாம் கசந்துபோகும். பசியும் தூக்கமும் மாறும். பால்மரம் வெட்டப் போகிறவர் விடிய வெகுநேரம் முன்பே விழித்து, எழ முடியாமல் கிடப்பார். திருவிழாவுக்கு முதல் ஆளாக நிற்கும் அக்கா கோயில் பக்கமே வரமாட்டார். ஆண்களிடம் இது கோபமாகவும் குடியாகவும் வெளிப்படுவதால் "குடிகாரன்" என்ற பட்டத்தோடு விட்டுவிடுகிறோம். குடி சோர்வை இன்னும் ஆழமாக்கும். பிள்ளை பெற்றவளின் அழுகை இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

சிலருக்கு எதிர்த்திசையும் உண்டு: ஒரு வாரமாகத் தூக்கமே தேவைப்படாத உற்சாகம், ஓயாத பேச்சு, கடன் வாங்கிச் செலவு. "சாமி இறங்கியிருக்கு" என்று குடும்பம் நினைக்கலாம். இருதுருவக் கோளாறான இதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் இந்த வேகம் கூடிவிடக்கூடும்.

மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வில், 16 வயதுக்கு மேற்பட்டோரில் மனச்சோர்வு உள்ளவர்கள் 2019இல் 2.3 விழுக்காடு, 2023இல் 4.6. நான்கே ஆண்டுகளில் இரட்டிப்பு!

1911இல் பேராக்கில் திறக்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையின் பெயரையே நம்மவர்கள் வசவாக்கிவிட்டார்கள். அந்த வசவுக்குப் பயந்துதான் இன்னமும் பலர் மருத்துவரிடம் போகத் தயங்குகிறார்கள். முதல் பரிசோதனைக்கு அவ்வளவு தூரம் போகவேண்டாம்; பக்கத்து அரசாங்க கிளினிக்கே போதும். கயிறு கட்டுங்கள், திருநீறும் பூசுங்கள், மருத்துவரையும் பாருங்கள். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும், பாதியில் நிறுத்தாதீர்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து மறைக்கவேண்டியதில்லை. உங்கள் வீட்டில் யாராவது "இருந்து என்ன பிரயோசனம்" என்று சொன்னால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, சாக நினைக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அன்றைக்கே அழையுங்கள்.